இணைதிறனைக் கொண்டு வேதி வாய்பாடு எழுதுவது எப்படி?

கால்சியம் குளோரைடின் வாய்பாட்டை எழுதச் சொன்னால் பலரும் முதலில் நினைவைத்தான் துழாவுகிறார்கள். எங்கோ படித்தது, குளோரினுக்குக் கீழே ஒரு இரண்டு இருந்த மாதிரி ஞாபகம். இப்படித் துழாவவே வேண்டியதில்லை. நேர்மின் பக்கம் 15, எதிர்மின் பக்கம் 12 என்று மொத்தம் 27 இணைதிறன்கள் (எது மற்றவற்றோடு எந்த அளவுக்குச் சேரும் என்று சொல்லும் எண்கள்) தெரிந்தால், தாளில் 180 ஜோடிகளுக்கு வாய்பாடு எழுதிவிடலாம். அவற்றில் பெரும்பாலானவற்றை நீங்கள் முன்பின் பார்த்திருக்கவே மாட்டீர்கள். ஆனாலும் சரியாக வரும்.

தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் தனிமங்களின் குறியீடுகளை எழுதாமல் பெயர்களையே எழுதுகிறேன். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது, சோடியத்தின் குறியீடு என்ன என்று யோசிப்பதையும் எத்தனை அணு என்று கணக்குப் போடுவதையும் ஒரே நேரத்தில் செய்யப் போய்த்தான். முதலில் கணக்கு பிடிபடட்டும். அப்புறம் பெயர் இருந்த இடத்தில் குறியீட்டை வைத்துவிடலாம், எண்கள் அப்படியே இருக்கும்.

வாய்பாட்டில் ஒரு தனிமத்தின் வலப்பக்கம் கீழே வரும் சின்ன எண், அந்தத் தனிமத்தின் அணுக்கள் எத்தனை என்று சொல்கிறது. இதைக் கீழ்க்குறி என்போம். நீரை 'எச்-டூ-ஓ' என்கிறோமே, அதில் வரும் 'டூ' ஹைட்ரஜனுடைய கீழ்க்குறி. ஆக்சிஜனுக்கு எண் ஏதும் இல்லை என்றால் அது ஒன்று என்று பொருள். ஒன்றை எழுதுவதில்லை. நம் முறையில் இது ஹைட்ரஜன்₂ ஆக்சிஜன்.

இணைதிறன் என்பது என்ன

ஓர் அணு எத்தனை ஹைட்ரஜன் அணுக்களோடு சேர முடியுமோ, அந்த எண்தான் அதன் இணைதிறன். அணுவுக்கு இருக்கும் கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜனுக்கு ஒரு கை, ஆக்சிஜனுக்கு இரண்டு, நைட்ரஜனுக்கு மூன்று, கார்பனுக்கு நான்கு. சேர்மத்தில் எந்தக் கையும் சும்மா தொங்கக் கூடாது, ஒவ்வொன்றும் இன்னொரு கையைப் பிடித்திருக்க வேண்டும். அதனால்தான் நீரில் ஹைட்ரஜன் இரண்டு, அம்மோனியாவில் மூன்று, மீத்தேனில் நான்கு.

இன்றைக்கு இது எளிதாகத் தெரிகிறது. ஆனால் ஜான் டால்டன் 1808-ல் தன் அணுக்கொள்கையை நூலாக வெளியிட்டபோது நீரில் ஹைட்ரஜன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று என்றே வைத்துக்கொண்டார். எத்தனைக்கு எத்தனை என்று தெரியாத இடத்தில் இருப்பதிலேயே எளிய விகிதத்தை எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். ஒவ்வொரு தனிமத்தின் இணையும் ஆற்றலுக்கும் ஒரு வரம்பு உண்டு என்று எட்வர்ட் ஃபிராங்க்லாந்து எடுத்துச் சொன்னது 1852-ல்தான். அணுக்கொள்கையைத் தந்தவருக்கே தட்டிப்போன ஒன்றை நாம் சில நிமிடங்களில் சரியாக எழுதப்போகிறோம் என்பது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

இணைதிறனை எங்கிருந்து எடுப்பது

அணுவின் வெளிக்கூட்டில் எத்தனை எலக்ட்ரான்கள் என்று பாருங்கள். ஒன்று முதல் நான்கு வரை இருந்தால் அந்த எண்ணே இணைதிறன். ஐந்து முதல் ஏழு வரை இருந்தால் எட்டிலிருந்து கழியுங்கள். சோடியத்தின் எலக்ட்ரான் அமைப்பு 2, 8, 1. வெளியில் ஒன்று, எனவே இணைதிறன் 1. மெக்னீசியம் 2, 8, 2 என்பதால் 2. அலுமினியம் 2, 8, 3 என்பதால் 3. குளோரின் 2, 8, 7. எட்டு ஆக ஒன்றுதான் குறைகிறது, எனவே அதற்கும் 1. ஆர்கான் 2, 8, 8. அதற்கு எதுவும் குறையவில்லை, இணைதிறன் சுழியம்.

தனிம வரிசை அட்டவணை கையில் இருந்தால் இன்னும் சுலபம். தொகுதி 1-க்கு 1, தொகுதி 2-க்கு 2, தொகுதி 13-க்கு 3, தொகுதி 14-க்கு 4. அங்கிருந்து இறங்குமுகம்: தொகுதி 15-க்கு 3, 16-க்கு 2, 17-க்கு 1, 18-க்கு சுழியம். நடுவில் இருக்கும் இரும்பு, தாமிரம் போன்ற இடைநிலைத் தனிமங்களுக்கு இந்தக் குறுக்குவழி செல்லாது. அவற்றைத் தனியே பார்ப்போம்.

அடிக்கடி வருபவை இவை:

இணைதிறன் 1: ஹைட்ரஜன், லித்தியம், சோடியம், பொட்டாசியம், வெள்ளி, ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின்.
இணைதிறன் 2: மெக்னீசியம், கால்சியம், பேரியம், துத்தநாகம், ஆக்சிஜன், கந்தகம்.
இணைதிறன் 3: அலுமினியம், போரான், நைட்ரஜன், பாஸ்பரஸ்.
இணைதிறன் 4: கார்பன், சிலிக்கான்.

பல்லணு அயனிகள்

நேர் அல்லது எதிர் மின்னூட்டம் கொண்ட அணுவையோ அணுக்கூட்டத்தையோ அயனி என்கிறோம். சில அணுக்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து, ஒரே அணுவைப் போல நடந்துகொள்ளும். நைட்ரேட்டில் ஒரு நைட்ரஜனும் மூன்று ஆக்சிஜனும் உண்டு. சல்பேட்டில் ஒரு கந்தகமும் நான்கு ஆக்சிஜனும். இந்தக் கூட்டத்தைக் கலைக்காமல் அப்படியே ஓர் அலகாக எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே ஆக்சிஜன் எத்தனை என்பதற்கும் கூட்டத்தின் இணைதிறனுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. நைட்ரேட்டில் மூன்று ஆக்சிஜன் இருப்பதால் இணைதிறன் 3 என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அதன் இணைதிறன் 1.

இவற்றை வெறும் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அந்தந்த அமிலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அமிலத்தில் கூட்டத்தோடு சேர்ந்திருப்பது ஹைட்ரஜன். ஹைட்ரஜனுக்கு இணைதிறன் 1. ஆக, அமிலத்தில் எத்தனை ஹைட்ரஜனோ, அதுவே அந்தக் கூட்டத்தின் இணைதிறன். நைட்ரிக் அமிலத்தில் ஹைட்ரஜன் ஒன்று, எனவே நைட்ரேட்டுக்கு 1. கந்தக அமிலத்தில் இரண்டு, எனவே சல்பேட்டுக்கு 2. கார்பானிக் அமிலத்தில் இரண்டு, எனவே கார்பனேட்டுக்கு 2. பாஸ்பாரிக் அமிலத்தில் மூன்று, எனவே பாஸ்பேட்டுக்கு 3. கார்பானிக் அமிலத்திலிருந்து இரண்டில் ஒரு ஹைட்ரஜனை மட்டும் எடுத்தால் மிஞ்சுவது பைகார்பனேட், அதற்கு 1. நீரிலிருந்து ஒரு ஹைட்ரஜனை எடுத்தால் ஹைட்ராக்சைடு, அதற்கும் 1. தேர்வுக் கூடத்தில் சல்பேட்டின் இணைதிறன் மறந்துபோகலாம். கந்தக அமிலத்தின் வாய்பாடு அவ்வளவு எளிதில் மறக்காது.

நேர்மின் பக்கத்தில் அடிக்கடி வரும் கூட்டம் ஒன்றே ஒன்றுதான்: அம்மோனியம். ஒரு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன், இணைதிறன் 1.

எழுதும் முறை

அலுமினியம் ஆக்சைடை எடுத்துக்கொள்வோம்.

முதலில் வரிசை. உலோகம் அல்லது நேர்மின் அயனி இடப்பக்கம், அலோகம் அல்லது எதிர்மின் அயனி வலப்பக்கம். பெயரும் பெரும்பாலும் இதே வரிசையில்தான் வரும், அதனால் இதில் சிரமம் இல்லை. அலுமினியம், ஆக்சிஜன்.

அடுத்து, ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் அதன் இணைதிறனைச் சின்னதாக எழுதுங்கள். அலுமினியத்தின் மேல் 3, ஆக்சிஜனின் மேல் 2.

இப்போது குறுக்காக மாற்றுங்கள். அலுமினியத்தின் 3 ஆக்சிஜனுக்குக் கீழே போகிறது. ஆக்சிஜனின் 2 அலுமினியத்துக்குக் கீழே வருகிறது. அலுமினியம்₂ ஆக்சிஜன்₃. அவ்வளவுதான்.

இதோடு விட்டுவிடாதீர்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். இந்தக் குறுக்கு மாற்று முறை ஏன் வேலை செய்கிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு அலுமினியம், ஆளுக்கு 3 என்றால் 6. மூன்று ஆக்சிஜன், ஆளுக்கு 2 என்றால் அதுவும் 6. இரு பக்கமும் சரிசமம், ஒரு கையும் மிச்சமில்லை. வாய்பாடு எழுதுவதில் உண்மையான விதி இந்தச் சமன்தான். எண்ணைக் குறுக்காக மாற்றுவது அந்தச் சமனை விரைவாக எட்ட ஒரு குறுக்குவழி மட்டுமே. விதியை விட்டுவிட்டுக் குறுக்குவழியை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள்தான் அடைப்புக்குறி வந்ததும், சுருக்க வேண்டி வந்ததும் திணறுகிறார்கள். எழுதி முடித்த ஒவ்வொரு வாய்பாட்டுக்கும் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் யாரிடமும் விடையைக் காட்டிச் சரிதானா என்று கேட்க வேண்டியிருக்காது.

அதே முறையில் கால்சியம் குளோரைடு. கால்சியத்துக்கு 2, குளோரினுக்கு 1. மாற்றினால் கால்சியத்துக்குக் கீழே 1, குளோரினுக்குக் கீழே 2. ஒன்றை விட்டுவிட்டால் கால்சியம் குளோரின்₂. சோடியம் குளோரைடில் இரண்டு பக்கமும் 1, எனவே எண்ணே வராது.

சுருக்க வேண்டிய இடங்கள்

கால்சியம் ஆக்சைடில் கால்சியத்துக்கு 2, ஆக்சிஜனுக்கு 2. மாற்றினால் கால்சியம்₂ ஆக்சிஜன்₂ என்று வருகிறது. சமன் சரிதான், ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்றாலே சமனாகிவிடுகிறதே. அதனால் கால்சியம் ஆக்சிஜன் என்று சுருக்கிவிடுகிறோம். உப்புகளிலும் உலோக ஆக்சைடுகளிலும் தனித்தனி மூலக்கூறு என்று ஒன்று கிடையாது. அயனிகள் மாறி மாறி அடுக்கிய பெரிய படிகம்தான் உண்டு. அங்கே வாய்பாடு சொல்வது இருப்பதிலேயே சிறிய விகிதத்தை.

மணலில் இருக்கும் சிலிக்கான் டை ஆக்சைடும் இப்படித்தான். சிலிக்கானுக்கு 4, ஆக்சிஜனுக்கு 2. மாற்றினால் சிலிக்கான்₂ ஆக்சிஜன்₄. இரண்டால் வகுத்தால் சிலிக்கான் ஆக்சிஜன்₂. சிலிக்கானின் நான்கு கைக்கு இரண்டு ஆக்சிஜன் போதும் என்று முதலிலேயே கண்ணில் பட்டுவிட்டால் மாற்றவும் வேண்டாம், வகுக்கவும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. கூட்டத்துக்கு உள்ளே இருக்கும் எண்ணை ஒருபோதும் வகுக்கக் கூடாது. சோடியம் கார்பனேட்டில் சோடியம் இரண்டு, ஆக்சிஜன் மூன்று. அதில் கை வைக்க ஒன்றுமில்லை.

அடைப்புக்குறி எப்போது

கூட்டம் ஒன்றுக்கு மேல் வந்தால் மட்டும். கால்சியம் ஹைட்ராக்சைடில் கால்சியத்துக்கு 2, ஹைட்ராக்சைடுக்கு 1. எனவே ஹைட்ராக்சைடு இரண்டு: கால்சியம் (ஹைட்ராக்சைடு)₂. அடைப்புக்குறி போடாவிட்டால் அந்த இரண்டு கடைசியில் இருக்கும் ஹைட்ரஜனுக்கு மட்டும் என்றாகிவிடும். ஆக்சிஜன் ஒன்று, ஹைட்ரஜன் இரண்டு என்று வேறு ஏதோ ஒன்றாகப் போய்விடும். சோடியம் ஹைட்ராக்சைடில் கூட்டம் ஒன்றுதான், அங்கே அடைப்புக்குறி தேவையில்லை.

அலுமினியம் சல்பேட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், முறை முழுவதும் இதில் வந்துவிடுகிறது. அலுமினியத்துக்கு 3, சல்பேட்டுக்கு 2. மாற்றினால் அலுமினியம்₂ (சல்பேட்)₃. சமன் பார்த்தால் இரண்டு மூன்று ஆறு, மூன்று இரண்டு ஆறு. சரி. அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள மூன்று, உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் பெருக்கும். ஒரு சல்பேட்டில் கந்தகம் ஒன்று, ஆக்சிஜன் நான்கு. மூன்று சல்பேட்டில் கந்தகம் மூன்று, ஆக்சிஜன் பன்னிரண்டு. அலுமினியம் இரண்டையும் சேர்த்தால் மொத்தம் 17 அணுக்கள். மூலக்கூறு நிறை கணக்கிடும்போது இந்த எண்ணிக்கைதான் கைகொடுக்கும், அதனால் இப்போதே எண்ணிப் பழகிக்கொள்வது நல்லது.

அம்மோனியம் சல்பேட்டில் அடைப்புக்குறி இடப்பக்கம் வருகிறது: (அம்மோனியம்)₂ சல்பேட். நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 8, கந்தகம் 1, ஆக்சிஜன் 4.

பெயரின் வாலைக் கவனியுங்கள்

'ஐடு' என்று முடிந்தால் பெரும்பாலும் தனி அணு. 'ஏட்', 'ஐட்' என்று முடிந்தால் ஆக்சிஜனோடு கூடிய கூட்டம், அதிலும் 'ஏட்'டில் ஆக்சிஜன் கூடுதல். சல்பைடு வெறும் கந்தகம். சல்பைட்டில் கந்தகத்தோடு மூன்று ஆக்சிஜன், சல்பேட்டில் நான்கு. இந்த மூன்றுக்கும் இணைதிறன் 2 என்பதால் குழப்பினாலும் கீழ்க்குறி தப்பிவிடும். ஆனால் நைட்ரஜனில் தப்பாது. நைட்ரைடுக்கு 3, நைட்ரைட்டுக்கும் நைட்ரேட்டுக்கும் 1. மெக்னீசியம் நைட்ரைடு என்றால் மெக்னீசியம்₃ நைட்ரஜன்₂. மெக்னீசியம் நைட்ரேட் என்றால் மெக்னீசியம் (நைட்ரேட்)₂. வாலில் ஓர் எழுத்து மாறினால் வாய்பாடே வேறு. ஹைட்ராக்சைடு 'ஐடு' என்று முடிந்தாலும் கூட்டம்தான், அது விதிவிலக்கு.

ஒன்றுக்கு மேற்பட்ட இணைதிறன்

இரும்புக்கு 2 அல்லது 3. தாமிரத்துக்கு 1 அல்லது 2. வெள்ளீயத்துக்கும் காரீயத்துக்கும் 2 அல்லது 4. எதை எடுப்பது என்று பெயரே சொல்லிவிடும். பழைய முறையில் 'அஸ்' என்று முடிந்தால் குறைந்தது, 'இக்' என்று முடிந்தால் கூடியது. ஃபெர்ரஸ் குளோரைடு என்றால் இரும்பு குளோரின்₂, ஃபெர்ரிக் குளோரைடு என்றால் இரும்பு குளோரின்₃. புதிய முறையில் உலோகத்தின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ரோம எண் இருக்கும். அது அணுக்களின் எண்ணிக்கை இல்லை, இணைதிறன். இதை அணு எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டு இரும்புக்குக் கீழே எழுதிவிடாதீர்கள்.

வாய்பாடு தெரிந்து இணைதிறன் தெரியாவிட்டால் அதே சமனைத் திருப்பிப் போடலாம். துருவில் முக்கியமாக இருக்கும் இரும்பு ஆக்சைடில், நீரை விட்டுவிட்டால், இரும்பு இரண்டு, ஆக்சிஜன் மூன்று. ஆக்சிஜன் பக்கம் 6. அதை இரண்டு இரும்பும் பகிர்ந்தால் ஆளுக்கு 3. மேக்னடைட் என்ற கனிமத்தில் இரும்பு மூன்று, ஆக்சிஜன் நான்கு. ஆக்சிஜன் பக்கம் 8, மூன்றால் வகுத்தால் முழு எண் வரவில்லை. கணக்கு தப்பில்லை. அங்கே ஓர் இரும்புக்கு 2, மற்ற இரண்டுக்கும் 3. இரண்டும் மூன்றும் மூன்றும் சேர்ந்தால் எட்டு. வகுக்க வராத அந்த மீதியே இரண்டு வகை இரும்பு இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இந்த முறை எட்டாத இடங்கள்

ஹைட்ரஜன் பெராக்சைடில் ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் இரண்டு. இதைச் சுருக்கக் கூடாது. ஆக்சிஜன் இரண்டும் ஒன்றையொன்று ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஆளுக்கொரு ஹைட்ரஜனைப் பிடித்திருக்கின்றன. கார்பனும் தன்னோடு தானே சேரும். மீத்தேன், ஈத்தேன், எத்திலீன், அசிட்டிலீன் நான்கிலும் இருப்பது கார்பனும் ஹைட்ரஜனும்தான், நான்கிலும் கார்பனுக்கு நான்கு கைதான். ஆனாலும் வாய்பாடுகள் வேறு வேறு. கரிமச் சேர்மங்களுக்கு அமைப்பை வரைந்து பார்ப்பதே சரியான வழி.

அலோகங்கள் ஒன்றோடொன்று சேரும்போதும் கவனம் வேண்டும். கந்தகத்துக்கு 2 என்று மேலே சொன்னோம், ஆனால் ஆக்சிஜனோடு சேரும்போது அது 4, 6 என்றும் காட்டும். நைட்ரஜன் ஆக்சைடுகள் ஐந்துக்கு மேல் உண்டு. இங்கே பெயரில் உள்ள மோனோ, டை, ட்ரை, டெட்ரா, பென்டா என்பவையே எண்ணிக்கையைச் சொல்லிவிடுவதால் இணைதிறனைத் தேடவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடு என்றால் ஒன்றுக்கு ஒன்று, அவ்வளவுதான். அதை நான்கு, இரண்டு என்று மாற்றிச் சுருக்கப் போனால் கார்பன் டை ஆக்சைடுதான் கிடைக்கும்.

போட்டுப் பாருங்கள்

விடையைப் பார்க்காமல் எழுதி, ஒவ்வொன்றுக்கும் சமன் பாருங்கள்: பொட்டாசியம் சல்பைடு, அலுமினியம் நைட்ரைடு, மெக்னீசியம் பாஸ்பேட், அம்மோனியம் கார்பனேட், ஃபெர்ரிக் சல்பேட், காரீயத்தின் கூடுதல் இணைதிறன் கொண்ட ஆக்சைடு.

விடைகள்: பொட்டாசியம்₂ கந்தகம். அலுமினியம் நைட்ரஜன் (மூன்றுக்கு மூன்று, எனவே சுருங்கிவிடும்). மெக்னீசியம்₃ (பாஸ்பேட்)₂, இரு பக்கமும் 6. (அம்மோனியம்)₂ கார்பனேட். இரும்பு₂ (சல்பேட்)₃. காரீயம் ஆக்சிஜன்₂. கடைசியில் காரீயம்₂ ஆக்சிஜன்₄ என்று எழுதியிருந்தால் முறை சரி, வகுக்க மட்டும் மறந்திருக்கிறீர்கள். மெக்னீசியம் பாஸ்பேட்டில் தவறியிருந்தால் பாஸ்பாரிக் அமிலத்தில் ஹைட்ரஜன் எத்தனை என்று திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.